பெயின்ட் அடிக்க வந்தவர் சொன்னது

என் தங்கை ஜெர்மனியில், போலந்து எல்லையோரம் இருந்தாள். தனியாக வளர்த்த மகளைப் பாலர் வகுப்பிலிருந்தே ஜெர்மனும் போலிஷும் சேர்த்துப் படிப்பிக்கும் பள்ளியில் விட்டாள்.

"போலிஷ் ஆரோடையடி கதைக்கப் போறாள்?"

"உங்களுக்கு எல்லாத்துக்கும் பயம், அக்கா. தமிழும் எண்டால்தான் பிள்ளை குழம்பிப் போகும்."

வீட்டிலும் ஜெர்மன்தான் கதைத்தாள். ஒன்பதாம் வகுப்போடு நின்ற நான் என்ன சொல்ல?

நான் பதறுவேன் என்று தன் நோயையும் மறைத்துவிட்டாள். செத்தவீட்டுக்குத்தான் போனேன்.

பள்ளியின் கடைசிச் சோதனை முடிந்ததும், அவள் மகள் நோர்வேயில், ரொம்மனில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"அம்மா கடைசியிலை என்ன சொன்னவா, பிள்ளை?"

"அம்மா... நிறைய கதை, பெரியம்மா."

அதற்கு மேல் அவளிடம் தமிழ் இல்லை. என்னிடம் ஆங்கிலமும் இல்லை.

மறுநாள் மாடிப்படிச் சுவருக்கு பெயின்ட் அடிக்க ஒரு போலந்துக்காரர் வந்தார். அவர் போனில் போலிஷ் கதைத்தது கேட்டதும் அவள் வெளியே ஓடினாள். நான் கோப்பி போட்டுக்கொண்டு வந்தபோது இருவரும் படியில் இருந்தார்கள். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

என்னுடையதைப் போலவே உடைந்த நோர்வேஜிய மொழியில் அவர் எனக்குச் சொன்னார். கடைசி நாட்களில் தாய்க்கு ஜெர்மன் வரவில்லையாம். தமிழில் எதையோ திரும்பத் திரும்பக் கேட்டாளாம். மகளுக்கு விளங்கவில்லை. தாயின் மனம் நோகக்கூடாதென்று எல்லாவற்றுக்கும் "ஓம்" என்றாளாம்.

"ஓம்... பிழையா, பெரியம்மா?"

"இல்லையம்மா, சரிதான்" என்றேன்.

என்ன கேட்டிருப்பாள் என்றுதான் இன்னும் யோசிக்கிறேன்.