வெட்டாமல் விட்ட தேயிலை

இன்று காலை கோலாலம்பூர் மச்சானோடு எங்கள் ரிங்லெட் ஊருக்கு மேலே பாதையில்லாத காட்டுக்குள் போனேன். அவன் அதை ‘ஆஃப் ட்ரெயில்’ என்றான். எங்கள் எஸ்டேட்டில் அதற்குக் ‘காட்டுல பூந்து போறது’ என்று பேர்.

பனிமூட்டம் இறங்கியதும் வழி தவறிவிட்டது.

சுற்றிலும் பாசி பிடித்த மரங்கள். தரையெல்லாம் வெள்ளைப் பூ.

“என்னா மரம் மச்சான் இது?” என்று அவன் கேட்டான்.

“தெரியல லா” என்றேன். தாழ்ந்த கிளையொன்றை வளைத்துப் பார்த்தேன். நுனியில் இரண்டு இலை, ஒரு கொழுந்து. என் அம்மா ஆயுள் முழுக்கக் கிள்ளியது.

“டேய், இது தேயிலைடா!”

யுத்தத்தில் ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் சயாம் மரண ரயில் வேலைக்கு ஆள் பிடித்தபோது, தப்பியவர்கள் காட்டுக்குள் பூந்துவிட்டார்கள் என்று வீட்டில் சொல்வார்கள். அன்றைக்குக் கவாத்து வெட்ட ஆளில்லாமல் விட்டுப்போன மலை இதுதான். மரங்கள் இன்னும் வரிசை பிசகாமல் நிற்கின்றன. அந்த வரிசையைப் பிடித்தே ரோட்டுக்கு இறங்கினோம்.

“வெட்டாம விட்டா இவ்ளோ ஒசரம் போவுமா?” என்று மச்சான் கேட்டுக்கொண்டே வந்தான்.

இடுப்புக்கு மேல் வளர்ந்த தேயிலையை நான் இன்றுதான் பார்க்கிறேன்.

மலையில் பிறந்தவர்களே, உங்களுக்கு முன்பே தெரியுமா? இல்லை, தேயிலைக்கு அடியில் நின்றுகொண்டு ‘தெரியல’ என்று சொன்ன எஸ்டேட்டுக்காரன் நான் ஒருவன்தானா?