அரை டவுசர் போட்ட டிரைவர்

ஏற்காடு மலையில் ஒரே மூச்சில் ஏறியவன் நான். பொய். ஏறியது லாரி. நான் உள்ளே உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தேன்.

ஐம்பது வயதைத் தொடும் வரை என் பிழைப்பே அப்படித்தான். வண்டி ஓடும், நான் உட்கார்ந்திருப்பேன். வயிறு வளர்ந்து ஸ்டியரிங்கைத் தொட்டது. வளைவில் திருப்புவது கையா, வயிறா என்று எனக்கே சந்தேகம் வரும்.

ஒருநாள் ஜவ்வரிசி லோடு. மூட்டைகளின் மேல் ஏறித் தார்ப்பாய் விரித்துக் கயிறு கட்டுவது டிரைவர் வேலை. பாதி ஏறியதும் மூச்சு முட்டி, பல்லி மாதிரி மூட்டையோடு ஒட்டிக்கொண்டேன். லோடுமேன்கள் நாலு பேர் சேர்ந்து என்னையும் ஒரு மூட்டையாக இறக்கி வைத்தார்கள்.

லாரி முதலாளி வேப்பமரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"டிரைவரே, பொங்கல் வரைக்கும் பாக்கறனுங்க. அப்பவும் ஏற முடியலீன்னா சாவியக் குடுத்துப்போட்டு, லாரி செட்டுல வாட்ச்மேனா உக்காந்துக்கோங்க."

நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, என் வண்டியை இன்னொருத்தன் எடுத்துப் போவதைப் பார்ப்பதா? அன்று சோறே இறங்கவில்லை. மூன்றாம் தடவை போட்ட சோற்றைச் சொல்கிறேன்.

மறுநாள் விடியலில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கொண்டப்பநாயக்கன்பட்டி ரோட்டில் ஓட ஆரம்பித்தேன். பின்னால் ஒரு பைக் வந்து நின்றது.

"ஏனுங்கண்ணா, பஸ்ஸ உட்டுப்போட்டீங்களா? ஏறுங்க."

ஒருவர் வண்டியை நிறுத்திக் கூப்பிட்ட பிறகு மாட்டேன் என்பது மரியாதையா? ஏறினேன். அஸ்தம்பட்டியில் இறக்கிவிட்டு டீயும் வாங்கிக் கொடுத்தார். அடுத்த நாள் பால்காரர் ஏற்றிக்கொண்டார். அதற்கடுத்து ஒரு டெம்போ. இப்படியே பல நாள் ஓடினேன். ஒருநாளும் வேர்க்கவில்லை.

"போறப்ப இருந்த வயிறு வாரப்ப இன்னும் பெருசா வருதே, மாமா! ஓடறீங்களா, விருந்துக்குப் போறீங்களா?" என்றாள் மனைவி.

விஷயத்தைச் சொன்னேன். சிரித்து முடித்துவிட்டு, பையனின் அரை டவுசரை எடுத்து என்மேல் வீசினாள்.

"லுங்கி கட்டிட்டு ஓடுனா அவசரமாப் போற ஆளு. இதப் போட்டா ஒடம்பு கொறைக்கற ஆளு. ஒருத்தரும் ஏத்த மாட்டாங்க."

"ஊரே சிரிக்குமே, புள்ளே!"

"சிரிக்கட்டும். வாட்ச்மேன் சேர்ல உக்காந்தா மட்டும் மாலை போடுவாங்களாக்கும்!"

போட்டேன். வெயிலே படாத என் கால்கள் கழுவிய முள்ளங்கி மாதிரி இருந்தன. பால்காரர் வண்டியை நிறுத்தவில்லை. சிரித்த சிரிப்பில் கேன்கள் குலுங்கப் போனார். அன்றுதான் முதன்முதலாக ஓடினேன், ஒரு கரண்டு கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை. அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். ஆனால் அந்தக் கம்பத்துக்கு நானே என் காலில் போய்ச் சேர்ந்திருந்தேன்.

கம்பங்கள் கூடக்கூட வயிறு ஸ்டியரிங்கை விட்டு விலகியது. மேடு வந்தால் லாரியை ஓட்டுகிற மாதிரியே கியரைக் குறைத்து, சின்னச் சின்ன அடியாக ஏறப் பழகினேன்.

பொங்கல் லோடு வந்தது. முதலாளி அதே மரத்தடியில் நின்றார். ஏறினேன். எங்கும் ஒட்டிக்கொள்ளவில்லை. உச்சியில் தார்ப்பாயை உதறி விரித்தபோது ஏற்காடு மலை என் தோள் உயரத்துக்குத் தெரிந்தது. கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டுக் கத்தினேன்.

"வாட்ச்மேன் சேரு என்னாச்சுங்க, மொதலாளி?"

"அதுல நானே உக்காந்துக்கறனுங்க" என்றார்.

இப்போது லாரி கேபினில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். வெளியே மூட்டை ஏறிக்கொண்டிருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை நிஜமாகவே, என் காலால், மலை ரோட்டில் ஏறினேன். முதல் கொண்டை ஊசி வளைவில் ஒரு லோடு லாரி திணறிக்கொண்டு போனது. ஓட்டியவன் எனக்குத் தெரிந்த பையன்தான். பக்கத்தில் ஓடிப்போய்க் கதவைத் தட்டி, "என்ன தம்பி, எம் முதுகுல ஏறிக்கறியா?" என்று கேட்டேன். அதற்கு அவன்...

"டிரைவரே!" முதலாளி கூப்பிடுகிறார். "அடுத்த வண்டி டிரைவரு பாதியிலயே ஒட்டிக்கிட்டாருங்க. சீக்கிரம் வந்து மேல ஏறுங்க!"

இதோ வாரனுங்க!