அத்தைக்கு நான் எழுதிக் கொடுத்த பேச்சு

ஆறாம் வகுப்பு படிக்கும்போது ஒரு மாலை நேரம் முழுக்க நான் ராணியாக இருந்தேன். முதுகில் கட்டிய தலையணைதான் குழந்தை. கையில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள் ஒட்டிய அட்டை வாள். தலையில் யாருடையதோ சவுரி. அதற்கப்புறம் என் வாழ்க்கையில் சொல்லிக்கொள்ளும்படி பெரிய பதவி எதுவும் வரவில்லை.

நான் படித்தது ஆண்கள் பள்ளி. ஆண்டு விழாவுக்கு ‘பாரதம் போற்றும் பெண்கள்’ என்று ஒரு காட்சி வைக்கலாம் என்று தமிழ் ஐயா முடிவு செய்தார். பள்ளியில் பேருக்குக்கூட ஒரு பெண் பிள்ளை கிடையாது என்பது அவரைத் தடுக்கவில்லை. மீசை அரும்பிய ஒன்பதாம் வகுப்பு அண்ணன் தம்புரா ஏந்திய பாடகி ஆனான். கண்ணாடி போட்டிருந்த ஒரே காரணத்தால் ஒருவன் முதல் பெண் டாக்டர். எப்போதும் குனிந்தே நடப்பவன் பழங்காலத்துப் பெண்புலவர். குதிரை ராணி வேஷம் எனக்கு வந்ததற்கும் தகுதி ஒன்று இருந்தது. விழாவின் சிறப்பு விருந்தினர் என் அத்தை.

அத்தை எங்கள் மண்ணூர்பேட்டை வார்டின் கவுன்சிலர். அந்தத் தேர்தலில்தான் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். தேர்தலில் நிற்பதற்காக வேட்டிக்குக் கஞ்சி போட்டு வைத்திருந்த மாமா, வேறு வழியில்லாமல் அத்தையை நிறுத்தினார். சுவர் விளம்பரத்தில் ஆளுயரத்துக்குக் கைகூப்பி நின்றது மாமாதான். அவர் தோளோரம் தபால்தலை அளவில் அத்தை. ஜெயித்த பிறகு தெருவே மாமாவைக் ‘கவுன்சிலர்’ என்று கூப்பிட்டது. அத்தைக்குக் ‘கவுன்சிலர் ஊட்டம்மா’ என்று பெயர். இதில் யாருக்கும் ஒரு குழப்பமும் இல்லை. எனக்கும்தான்.

அத்தை விடியற்காலையில் லாரித் தண்ணீர் பிடித்து, சமைத்து, இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஸ்க்ரூ எண்ணிப் பாக்கெட் போடும் வேலைக்குப் போவாள். வந்து மறுபடியும் சமைப்பாள். நகராட்சிக் கூட்டம் என்றால் அரை நாள் லீவு போட்டு, மாமாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போய், அவர் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“டேய், உங்க ஸ்கூல் ஃபங்ஷன்ல நான் பேசணுமாம்டா. மைக்ல. இன்னாடா பேசறது?”

மாமாவை விட்டுவிட்டு என்னிடம் கேட்டிருக்கிறாள். எனக்குத் தலை கிறுகிறுத்துப்போனது. தமிழ் ஐயாவின் நோட்டிலிருந்து பாதியும் என் சொந்தக் கற்பனையில் பாதியுமாகப் பத்து வரி எழுதிக் கொடுத்தேன். ‘வாளேந்திய மங்கையரும் வீணையேந்திய நங்கையரும்’ என்று ஆரம்பம். அதைச் சொல்வதற்குள் அத்தைக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் விடவில்லை. பத்து நாள் மனப்பாடம் செய்தாள். தண்ணீர் வரிசையில் குடத்தோடு நிற்கும்போதும் உதடு அசைந்துகொண்டே இருக்கும்.

“இன்னாக்கா, மந்திரமா?” என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்பாள்.

“ஆமா, சொன்னா லாரி வரும்” என்பாள் அத்தை.

கடைசியில் அவளாகவே ஒரு வரி சேர்த்தாள். ‘நான் ஆறாவது வரைக்கும்தான் படிச்சேன், அதுக்கு மேல வேணாம்னுட்டாங்க, எனக்குப் படிக்க ரொம்ப ஆசையா இருந்துச்சு.’ நான் சிவப்புப் பேனாவை எடுத்து அதை ஒரே கோடாக அடித்தேன்.

“இதெல்லாம் மேடையில பேசற தமிழா அத்தை? சிரிப்பாங்க.”

“அப்டியா? சரி, நீ படிச்சவன்” என்றாள்.

கணக்கில் இருபத்தேழு வாங்கியவனை அப்படிச் சொன்ன ஒரே ஆள் அவள்தான்.

விழாவுக்கு அத்தை வேலையிலிருந்து நேராக வந்தாள். விரல் நுனியெல்லாம் எண்ணெய்க் கறை. மேடையில் நடுவே பெரிய நாற்காலி, பக்கத்தில் ஒரு மடக்கு நாற்காலி. பெரியதில் மாமா உட்கார்ந்தார். மாலையும் அவருக்கே விழுந்தது. அத்தைக்கு ஓர் எலுமிச்சம்பழம். பின்னால் நாங்கள் பன்னிரண்டு பெண்மணிகள் சிலையாக நின்றோம். அத்தை பத்து வரி பேசுவாள், கைதட்டுவார்கள், திரை விழும். ஏற்பாடு இவ்வளவுதான்.

மைக்கை மாமா பிடித்தார். “என் துணைவியார் சார்பில் ரெண்டு வார்த்தை” என்று தொடங்கி, வேத காலத்திலிருந்து கிளம்பினார். அரை மணி நேரம் ஆகியும் மொகலாயர் காலத்தைத் தாண்டவில்லை. “பெண் என்பவள் சக்தி! அவள் வாயை யாராலும் அடைக்க முடியாது!” என்று மேசையைத் தட்டினார். அத்தை கைப்பையை மடியில் வைத்து, உள்ளே இருந்த தாளோடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தாள். டாக்டர் கொட்டாவி விட்டார். பாடகி தம்புராமேல் சாய்ந்து தூங்கிவிட்டார். பெண்புலவருக்கு நிஜமாகவே கூன் விழுந்துவிட்டது. நான் ராணியாயிற்றே, வாளை இறக்கவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டியது. இன்றைக்கும் யாராவது நீளமாகப் பேசினால் எனக்கு வலது தோள் வலிக்கிறது.

மாமா தண்ணீர் குடிக்க நிறுத்திய சந்தில் தலைமையாசிரியர் எழுந்து, “அம்மாவும் ரெண்டு நிமிஷம்...” என்று இழுத்தார். மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அத்தை எழுந்து வந்தாள். தாளைப் பிரித்தாள். என் வாய்க்குள் பத்து வரியும் ஓடின. அவள் கூட்டத்தைப் பார்த்தாள். பிறகு திரும்பி எங்களைப் பார்த்தாள்.

“டேய் பசங்களா, கைய எறக்கிட்டு உக்காருங்கடா” என்றாள் மைக்கில். “எவ்ளோ நேரம்டா நிப்பீங்க.”

அவ்வளவுதான் பேச்சு. பன்னிரண்டு பெண்மணிகளும் தொப்பென்று உட்கார்ந்தோம். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. திரையைப் போட்டுவிட்டார்கள்.

வழியெல்லாம் நான் அவளோடு பேசவில்லை. என் ராணியையும் கெடுத்து என் இலக்கியத்தையும் வீணாக்கியவளோடு என்ன பேச்சு? மாமா கைகுலுக்கல்களை வாங்கிக்கொள்ள டீக்கடையில் நின்றுவிட்டார். என் வாளையும் அத்தைதான் தூக்கிக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் புடவைகூட மாற்றாமல், காலையில் போட்டுவிட்டுப் போன பாத்திரங்களைத் தேய்க்க உட்கார்ந்தாள். நான் படியில் உட்கார்ந்து சவுரியைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் காதில் விழுந்தது. ‘வாளேந்திய மங்கையரும் வீணையேந்திய நங்கையரும்...’ ஒரு சொல் பிசகவில்லை. கவிழ்த்து வைத்த தட்டுகளைப் பார்த்து, ஏற்ற இறக்கத்தோடு பத்து வரியும் சொன்னாள். கையிலிருந்த தட்டையும் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு நான் சிவப்பில் அடித்த வரியையும் சொன்னாள்.

“அத்தை, அது அடிச்சிட்ட வரி.”

“தெரியும்டா” என்றாள். “அந்தக் குண்டானை இப்டி எடு.”

மறுநாள் வகுப்பில் பையன்கள் கேலி செய்தபோது, எங்கள் அத்தைக்கு மேடையில் பேச்சு மறந்துபோய்விட்டது என்று சொல்லி என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டேன். அவ்வளவையும் காதால் கேட்ட பிறகும், ரொம்ப வருஷம் நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.