பாதியாகாத குப்பை

தையல்காரம்மாவின் மகள் மூன்று நாள் சுற்றுச்சூழல் முகாமுக்குப் போய், உலகத்தைக் காப்பாற்றும் பொறுப்போடு திரும்பினாள். ஒரே வாரத்தில் வீட்டுக் குப்பையைப் பாதியாக்குவதாக மேடையேறி உறுதிமொழி எடுத்திருந்தாள். செய்து காட்டாவிட்டால் தோழிகள் முன் மானம் போய்விடும்.

வந்த கையோடு குப்பைத்தொட்டியைக் கவிழ்த்தாள். இரண்டு முட்டை ஓடும் நாலு நூல்துண்டும் விழுந்தன. பழைய சட்டை தலையணை உறையாகி, அப்புறம் கரித்துணியாகும் வீடு அது.

“இதுல எதைம்மா பாதியாக்குறது?”

“அதையும் முகாம்ல கேட்டுட்டு வர வேண்டியதுதானே?”

கடுப்பில், முகாமில் கொடுத்த பிளாஸ்டிக் பாட்டில், தொப்பி, உறுதிமொழி அட்டை எல்லாவற்றையும் தொட்டியில் வீசினாள். தொட்டி முதன்முறையாக நிரம்பி வழிந்தது.

“இப்பதான்டி பாதியாக்குற அளவுக்குக் குப்பை சேர்ந்திருக்கு” என்ற அம்மா, அந்தக் கெட்டி அட்டையை மட்டும் வெளியே எடுத்து, அதன்மேல் சட்டைக் காலரின் அளவை வரையத் தொடங்கினாள்.