மண் வீடுதான் வேணுமாம்

எங்க வீட்டுக்காரர் புனேயில ஆகுர்டி பக்கம் ஒரு ஃபேக்டரியில வி.ஆர்.எஸ். வாங்கினாரு. வந்த பணத்துல ஒரு பழைய மினி பஸ்ஸ வாங்கிட்டு வந்து வாசல்ல நிறுத்தினாரு. நான் தலையில கைய வச்சு உக்காந்துட்டேன். "ஓட்ட எனக்குத் தெரியும், ஆளுங்களப் பிடிக்க உனக்குத் தெரியும்"னாரு. அது என்னவோ நிஜம்தான். எங்கப்பா கட்கியில வெடிமருந்து ஃபேக்டரித் தொழிலாளி, நான் பொறந்து வளந்தது அந்தக் குவார்ட்டர்ஸ்ல. வீட்டுல வேலூர்த் தமிழ், தெருவுல மராட்டி, பள்ளிக்கூடத்துல இந்தி. வாய் மட்டும் மூணுலயும் நல்லா ஓடும்.

தொண்ணூறுகளோட கடைசி அது. சென்னையில இருந்தும் கோயம்புத்தூர்ல இருந்தும் கம்ப்யூட்டர் வேலைக்கு நம்மாளுங்க புனேயில வந்து இறங்கிக்கிட்டே இருந்தாங்க. ஞாயித்துக்கிழமை வந்தா எங்க போறதுன்னு தெரியாது, மராட்டி ஒரு வார்த்தை வராது. அவங்களக் கூட்டிக்கிட்டு கடக்வாஸ்லா அணைக்குப் பின்னாடி ஒரு ஊருக்குப் போக ஆரம்பிச்சோம். தண்ணி ஓரமா நடை, வயக்காட்டுல ஒரு சுத்து, மத்தியானம் ஊர்க்காரங்க வீட்டுலயே சாப்பாடு. ஓட்டல் பேச்சே கிடையாது. சாப்பாட்டுக் காசு நேரா அந்த வீட்டுக்காரம்மா கையில. நாம போறதால அந்த ஊரு மேல வரணும், இதுதான் எங்க கொள்கை. நானே யோசிச்சு நானே நோட்டீஸ் அடிச்சேன். கொள்கையாம் கொள்கை! இப்ப நெனச்சாலும் பத்திக்கிட்டு வருது.

நாங்க சாப்பிட்ட வீட்டுக்காரியை நான் வஹினின்னு கூப்பிடுவேன், அண்ணின்னு அர்த்தம். அவ என்னைத் தாயிம்பா, அதாவது அக்கா. மண் சுவர், நாட்டு ஓடு, சாணி மெழுகின தரை. விறகடுப்புல சுடச்சுட பாக்ரி, அதான் சோள ரொட்டி, தட்டிப் போடுவா, கூட கடலைமாவுல கிண்டின பிட்லா. பூண்டும் பச்சைமிளகாயும் நசுக்கின தேச்சா ஒண்ணு வைப்பா பாருங்க, நம்மாளுங்க கண்ணுல தண்ணி வழிய வழியக் கேட்டு வாங்கித் தின்பாங்க. அவளுக்கு அப்படி ஒரு பூரிப்பு.

ஆனா திங்கறவங்க சும்மாவா திங்கறாங்க? கால் மரத்துப்போச்சு, இருட்டா இருக்கு, புகையில கண்ணு எரியுது, டாய்லெட் இல்லையான்னு ஆளுக்கு ஒண்ணு. வஹினி பாக்ரியத் தட்டிக்கிட்டே எம் முகத்தப் பாப்பா. "என்ன சொல்றாங்க தாயி?" நான் சொல்லுவேன். சொல்லாம என்ன பண்றது? அவ தலைய ஆட்டிக்குவா. எல்லாத்தையும் மனசுல வாங்கி வச்சுக்கிட்டாங்கறது எனக்கு அப்பத் தெரியல.

ரெண்டு மூணு வருஷம் சேத்து, பால் எருமையையும் வித்து, ஒரு கோடையில மண் வீட்ட இடிச்சுட்டு ஸ்லாப் போட்டுக் கட்டினா. அணைக்கிட்ட இருக்கற எஸ்.டி.டி. பூத்துல இருந்து போன் பண்ணி, "மழைக்கு முன்னாடி முடிச்சுட்டேன் தாயி, உங்க ஆளுங்களக் கூட்டிட்டு வாங்க"ன்னா. போயிப் பாத்தா, பளபளன்னு வெள்ளை டைல்ஸ். இருட்டுன்னு சொன்னவங்களுக்காகப் பெரிய ஜன்னல், டியூப்லைட்டு. புகைன்னு சொன்னவங்களுக்காக கேஸ் அடுப்பு. கால் மரத்துப்போச்சுன்னு சொன்னவங்களுக்காக பிளாஸ்டிக் நாற்காலி வரிசையா. பின்னாடி ரோஸ் கலர்ல மேல்நாட்டு டாய்லெட்டு, ஃபிளஷ்ஷ அவளே அழுத்திக் காட்டினா. வர்ற வழியெல்லாம், "பாத்தீங்களா, நம்ம கொள்கை பலிச்சிருச்சு"ன்னு வீட்டுக்காரர்கிட்ட அளந்துக்கிட்டே வந்தேன்.

அடுத்த ஞாயித்துக்கிழமை பஸ்ஸு நிறைய ஆளு. வாசல்ல செருப்பக் கழட்டினவங்க உள்ள எட்டிப் பாத்ததும் மூஞ்சி தொங்கிப்போச்சு. "இது நம்ம வேளச்சேரி ஃபிளாட்டாட்டம்ல இருக்கு"ன்னு ஒரு அம்மா. கேமராவக் கழுத்துல மாட்டியிருந்த ஒருத்தரு அத மூடிக்கிட்டாரு. கடைசியில எல்லாரும் எதிர் வீட்டுக்குப் போயிட்டாங்க. அது வஹினியோட ஓரகத்தி வீடு, இன்னும் மண் வீடு. அங்க சாணித் தரையில சம்மணம் போட்டு உக்காந்து, அடுப்பூதற மாதிரி ஃபோட்டோ புடிச்சுக்கிட்டாங்க. கால் மரத்துப்போற கூட்டம்! சாப்பாட்டுக்கு மட்டும் இங்க வந்து நாற்காலியில உக்காந்து, நாலு வாய் தின்னுட்டு எழுந்துட்டாங்க. "கேஸ்ல சுட்டா அந்த ருசி இல்லை"ன்னாங்க. வஹினி எம் முகத்தப் பாத்தா. "நல்லா இருக்காம் வஹினி"ன்னேன்.

அப்புறம் போன்ல ஆரம்பிச்சாங்க. "அந்த டைல்ஸ் வீடு வேணாம் மேடம், எதிர்ல மண் வீடு இருக்குல்ல, அங்க ஏற்பாடு பண்ணுங்க." நானும் விதவிதமா பேசிப் பாத்தேன். நீங்க குடுத்த காசுலதாங்க அந்தம்மா வீடு கட்டியிருக்காங்க, நீங்க பெருமைப்படணும்னு சொன்னேன். ரொம்ப சந்தோஷம் மேடம், ஆனா நாங்க மண் வீட்டுலயே சாப்பிடறோம்னாங்க. ஒரு தடவ பொறுக்க முடியாம, ஒரு கம்பெனிக்காகப் பேசினவருகிட்ட, "ஏன் சார், உங்க வீட்டுல தினம் சாணி மெழுகறீங்களா?"ன்னு கேட்டுட்டேன். அந்தக் கம்பெனிக்காரங்க மொத்தமா அணையோரம் இருந்த ரிசார்ட்டுக்குப் போயிட்டாங்க. அந்தக் காசு வஹினிக்கும் இல்ல, ஓரகத்திக்கும் இல்ல.

"உன் வாய் இருக்கே"ன்னாரு வீட்டுக்காரர். "திங்கறவன் கேக்கறதக் குடு. இல்லன்னா அந்த ரெண்டு அடுப்பும் அணைஞ்சுரும்." அவரு சொன்னதுல ஒரு தப்பும் இல்ல, அதுதான் வயித்தெரிச்சல். ஓரகத்தி மேலயும் கோவப்பட முடியாது. ஓடு ஒழுகற வீடு, அவளும் புள்ளகுட்டிக்காரி, இப்பத்தான் முதல் தடவையா கையில காசு பாக்கறா. சாப்பாடு எதிர் வீட்டுக்கு மாறிடுச்சு. வஹினிகிட்ட நான் எதுவும் சொல்லல. அவளும் சண்டைக்கு வரல. ஞாயித்துக்கிழமை நாங்க போனா, வாசப்படியில நின்னு சிரிப்பா, தண்ணி வேணுமாம்பா. ஒரு நாள் மட்டும் கிட்ட வந்து, மெதுவாக் கேட்டா: "டைல்ஸ் வழுக்குதா தாயி? யாராச்சும் விழுந்தாங்களா?" இல்லன்னேன். "அப்ப ஏன்?" நல்லா ஓடற வாய்தான், மூணு பாஷை தெரிஞ்ச வாய்தான். அவளுக்குப் புரியற மாதிரி எடுத்துச் சொல்ல அதுல ஒண்ணுலயும் எனக்கு வார்த்தை இல்ல. ஏழையா இருந்தாத்தான் உன்னைப் பாக்க வருவாங்கன்னு யாரு போயி சொல்லுவா? நான் சொல்ல மாட்டேன். சும்மா அவ கையப் புடிச்சுக்கிட்டு நின்னேன்.

நான் சொல்லாட்டி என்ன, அவளே பாத்துப் புரிஞ்சுக்கிட்டா. தீபாவளி முடிஞ்ச சமயம், ஒரு ஞாயித்துக்கிழமை நாங்க போனப்ப வாசல்ல அவளக் காணோம். எங்க ஆளுங்கள வீட்டுக்காரர் வயப்பக்கம் சுத்திக்காட்டக் கூட்டிட்டுப் போனாரு. நான் உள்ள போனேன். நாற்காலியெல்லாம் மூலையில அடுக்கியிருந்துச்சு. ஜன்னல்ல கோணி தொங்குது. வஹினி புடவையத் தூக்கிச் செருகிக்கிட்டு, மண்டி போட்டு, அந்த வெள்ளை டைல்ஸ் மேல சாணி மெழுகிக்கிட்டு இருந்தா. முழங்கை வரைக்கும் சாணி. கதவோரம் பூசினது காஞ்சு, அப்பளமா எழும்பி நின்னுச்சு. நான் கால் வச்சதும் மொறமொறன்னு உடைஞ்சு, அடியில வெள்ளையாத் தெரிஞ்சுது.

அய்யோ வஹினின்னேன். அவ நிமிந்து பாத்தா. அழல. ஏதோ வேலை சரியா வரலையேன்னு ஒரு கவலை, அவ்வளவுதான்.

"ஒட்ட மாட்டேங்குது தாயி. வெடிகாலையில இருந்து பூசறேன், காயக் காய உரிஞ்சுட்டு வருது. மண்ணு கொஞ்சம் சேத்தா நிக்கும்னு நெனக்கறேன். உங்க ஆளுங்கள ஒரு அரை மணி நேரம் நிறுத்தி வைக்க முடியுமா? பிட்லா ஆயிடுச்சு, பாக்ரி மட்டும்தான் தட்டணும்."

வெளியில சத்தம் கேட்டுச்சு. எங்க ஆளுங்க வயல்ல இருந்து திரும்பி வந்து, எதிர் வீட்டுக்குள்ள நுழைஞ்சுக்கிட்டு இருந்தாங்க. ஓரகத்தி எல்லாருக்கும் தட்டு வைக்கற சத்தமும் கேட்டுச்சு. அது வஹினி காதுலயும் விழுந்திருக்கும்.

"நிறுத்தி வைக்கறேன் வஹினி, நீங்க பூசுங்க"ன்னேன்.