இசபெல் இன்றைக்கு யார் வீட்டில்?

மாடி வீட்டுக்குப் புதிதாகக் குடி வந்திருக்கும் பெண் நேற்றுக் காலை கிண்ணத்தோடு வந்து நின்றாள். "உறைக்குக் கொஞ்சம் தயிர் வேணும் ஆச்சி" என்றாள். ஆச்சி என்றது எனக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் தயிர்ப் பானையைத் திறந்து ஒரு கரண்டி கொடுத்தேன். "போன வாரம் ஒங்க உறையிலதான் தயிர் கெட்டியா விழுந்துச்சு, எங்க வீட்டுக்காரர் ஒங்களப் பத்தியே பேசிட்டு இருந்தார்" என்று சிரித்தபடி போனாள். புருஷன் இன்னொருத்தியின் கையை மெச்சியிருக்கிறான், இவள் சிரிக்கிறாள்! கொடுத்து வைத்தவள். எனக்கெல்லாம் அப்படி ஒரு மனசு வாய்க்கவில்லை. ஒரு ஜாடி புளித்த மாவுக்காக வருஷக்கணக்கில் வயிறு எரிந்தவள் நான்.

மாவு என்றதும் இட்லி மாவை நினைத்துவிடாதீர்கள். இது இனிப்பு ரொட்டிக்கான மாவு. தூத்துக்குடியில் கடற்கரைக்குப் பக்கத்தில் எங்கள் தெரு. கிறிஸ்துமஸுக்கும் மாதா திருவிழாவுக்கும் இனிப்பு ரொட்டி இல்லாத வீடு அங்கே கிடையாது. இரண்டாம் உலகச் சண்டைக்கு முன்னால் ரொட்டியைப் பொங்க வைக்கிற ஈஸ்ட் தகர டப்பாவில் கப்பலில் வரும். சண்டை வந்ததும் அது நின்றுபோயிற்று. அப்போது அந்தத் தெருவில் ஒருத்தி பனங்கள்ளை வாங்கி, ரேஷன் கோதுமை மாவில் பிசைந்து, அடுப்போரம் மூடி வைத்தாள். மறுநாள் அது பொங்கியிருந்தது. இனிப்பும் முட்டையும் சேர்ப்பதற்கு முன் ஒரு கை மாவை எடுத்து ஒரு பீங்கான் ஜாடியில் போட்டுப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாள். அவர்களும் அப்படியே ஒரு கை எடுத்து வைத்து அடுத்த வீட்டுக்குக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு கள்ளே வேண்டியிருக்கவில்லை. மாவும் தண்ணீரும் போட்டு வந்தால் போதும், அது பாட்டுக்கு உயிரோடிருக்கும். ஜாடி தெருவைச் சுற்றிச் சுற்றி வந்தது. கேட்ட வீட்டுக்கு இல்லையென்று சொல்லக் கூடாது, அடுப்படியில் ஜாடியைச் சும்மா வைத்திருக்கவும் கூடாது. தொடங்கியவள் பெயர் இசபெல். மாவுக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

இசபெல் காய்ச்சலில் செத்துப்போனாள். மாவு சாகவில்லை. அவளுடைய புருஷனுக்கு இரண்டாம் தாரமாக வந்தவள் நான்.

நான் கொழும்பில் பிறந்து வளர்ந்தவள். ஜப்பான்காரன் அங்கே குண்டு போட்டபோது அப்பா எங்களையெல்லாம் தோணியேற்றி ஊருக்குக் கூட்டி வந்துவிட்டார். கொழும்பில் ரொட்டியைப் பாண் என்போம். காலையில் சைக்கிளில் வரும், வாங்கித் தின்போம். மாவு பிசைந்து எனக்குப் பழக்கமே இல்லை. சண்டை முடிந்த மறு வருஷம் கல்யாணம். அந்த வாரமே எதிர்வீட்டு லூர்து மைனி இடுப்பில் ஜாடியோடு வந்தாள்.

"ஏளா, இசபெல்ல கொண்டாந்திருக்கேன். ஒன் மொறை."

பெயரைக் கேட்டதும் எனக்கு முகம் செத்துப்போயிற்று. மைனி கவனிக்கவில்லை. கூடவே உட்கார்ந்து பிசையச் சொல்லிக்கொடுத்தாள். சீனி கிடைக்காத காலம். உடன்குடிக் கருப்பட்டியைக் காய்ச்சி வடிகட்டி ஊற்றினோம். தேங்காய்ப்பால், முட்டை, துளி சாதிக்காய். தட்டுகளை ரொட்டிக் கடைப் போறணையில் கொடுத்துச் சுட்டு வாங்க வேண்டும். போறணையை அடுப்பு என்றால் அதற்கு மரியாதைக் குறைவு. ஒரு ஆள் உள்ளே படுக்கலாம். தட்டு திரும்பி வந்தபோது தெருவே மணத்தது.

என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். துறைமுகத்தில் சரக்கு எண்ணும் உத்தியோகம். அப்போதெல்லாம் கப்பல் கரைக்கு வராது. தொலைவில் கடலில் நிற்கும், இவர்தான் தோணியில் போய் வருவார். போய் வந்தால் வாய் ஓயாது. எந்தக் கப்டன் யாரைத் திட்டினான், எந்த மூட்டை தண்ணீரில் விழுந்தது, சமையல்காரன் குரங்கு வளர்க்கிறான் என்று சாப்பாட்டில்தான் அத்தனை கதையும். சோறு ஆறிப்போகும், கதை ஆறாது.

அன்றைக்கும் குரங்கில்தான் இருந்தார். ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டார். பேச்சு நின்றுவிட்டது. கண்ணை மூடி மெதுவாக மென்றார். இரண்டாவது துண்டு, மூன்றாவது துண்டு. எதிரே நான் ஒருத்தி உட்கார்ந்திருப்பதே அவருக்கு நினைவில்லை. குரங்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய்விட்டார். பிசைந்தது என் கை, நொந்தது என் தோள். அந்த மௌனம் மட்டும் அவளுக்குப் போயிற்று.

அன்றைக்குப் பற்றியதுதான். ஜாடி எந்த வீட்டில் இருந்தாலும் என் காது அங்கேதான். "இசபெல் இன்னைக்கு யார் வீட்ல?" "இசபெல்லுக்குப் பசிக்கி, மாவு போடணும்." "நேத்து இசபெல் பொங்கி வழிஞ்சிட்டா." செத்துப்போனவளுக்குப் பசிக்கிறது, விசாரிக்க இத்தனை பேர். உயிரோடிருக்கிற என்னைச் சாப்பிட்டாயா என்று ஒருத்தி கேட்பதில்லை என்று பொருமினேன். கேட்டிருப்பார்கள், என் காதில் விழுந்திருக்காது. ஒருநாள் பொறுக்க முடியாமல் லூர்து மைனியிடம், "அவகிட்ட ஒரு கொறையுமே இல்லியா மைனி?" என்றேன். மைனி ரொம்ப நேரம் யோசித்தாள். "கொஞ்சம் கறுப்பு" என்றாள். நானும் கறுப்புத்தான்.

சரி, நாமே ஒரு மாவு உண்டாக்கிவிடுவோம் என்று முடிவு செய்தேன். என் கையில் பிறந்த மாவு, என் ஜாடி. அதைத் தின்றுவிட்டு அவர் வாயடைத்து உட்கார வேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டாம். ஆனால் நான் நினைத்த நேரம் பாருங்கள், கள்ளுக்கடையையெல்லாம் சர்க்கார் மூடிவிட்டது. கள் வைத்திருந்தாலே பிடித்துக்கொண்டு போவான். பதநீர்க்காரி மட்டும் தெருவில் வந்துகொண்டிருந்தாள். கள்ளும் பனையில்தான் இறங்குகிறது, பதநீரும் பனையில்தான் இறங்குகிறது; இரண்டும் ஒன்றுதானே என்று கொழும்புப் புத்திக்குப் பட்டது. யாருக்கும் தெரியாமல் ஒரு செம்பு வாங்கி மாவில் ஊற்றி மூடி வைத்தேன். விடிந்து பார்த்தால் வைத்தது வைத்தபடி கிடந்தது. வெயிலில் வைத்தேன், வைக்கோலில் புதைத்தேன், அந்தோணியார் படத்தடியில் வைத்து மெழுகுதிரி கொளுத்தினேன். களிமண் மாதிரி அசையாமல் இருந்தது.

கடைசியில் பதநீர்க்காரியிடமே கேட்டேன். அவள் கலயத்தை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"புளிச்சிரக் கூடாதுன்னுதான கலயத்துல சுண்ணாம்பு தடவுதோம்? அத ஊத்துனா மாவு எங்க பொங்கும்? சுண்ணாம்பு தடவலேன்னா அதாம் கள்ளு தாயி!"

அவள் தொண்டை சின்னத் தொண்டை இல்லை. சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. கொழும்புக்காரி சுண்ணாம்பில் ரொட்டி சுடுகிறாள் என்று ஆளாளுக்குச் சிரிப்பு. அவர் காதுக்கும் போயிற்று.

"அதான் மாவு இருக்குல்லா? எதுக்கு இன்னொண்ணு?" என்றார்.

"அது அவ மாவு. எனக்குன்னு ஒண்ணு வேணும்" என்றேன். அழுதேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் சாத்தான்குளம் பக்கம் ஒரு சிநேகிதரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறினார். திரும்பி வந்தபோது சட்டை முழுக்க நனைந்து, பக்கத்தில் போனால் குப்பென்று நாற்றம். சுண்ணாம்பு தடவாத கலயத்திலிருந்து மருந்து பாட்டிலில் ஊற்றி, பைக்குள் மறைத்துக் கொண்டு வந்திருக்கிறார். வழியில் அது நுரைத்துப் பொங்கித் தக்கை தெறித்துவிட்டது. பஸ்ஸில் பக்கத்து ஆட்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு இவரையே பார்த்திருக்கிறார்கள். "போலீஸ்காரன் ஒருத்தன் ஏறிருந்தாம்னா எனக்கு வேலையும் போயிருக்கும், மானமும் போயிருக்கும்" என்றபடி பாட்டிலை நீட்டினார். அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அது போதுமானதாக இருந்தது.

என் மாவு பொங்கியது. மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. அந்த வாரம் நான் சுட்ட ரொட்டி பஞ்சு மாதிரி இருந்தது என்று லூர்து மைனியே ஒப்புக்கொண்டாள். அவருக்குத் தட்டில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். பிட்டு வாயில் போட்டார்.

"நல்லாருக்கே!" என்றார். "ஏளா, அந்தப் பஸ்ஸுல ஒரு கெழவன் என்ன சொன்னாந் தெரியுமா?" என்று ஆரம்பித்தார். பஸ் முடிந்ததும் கப்பல், கப்பல் முடிந்ததும் சமையல்காரன். தட்டு காலியாகும்வரை வாய் மூடவில்லை. எனக்காக வேலையையும் மானத்தையும் பையில் போட்டுக்கொண்டு வந்த மனுஷன்தான். அது எனக்குத் தெரியாமலில்லை. ஆனாலும் நான் கேட்டது அதுவா? அடுப்படிக்குப் போய் மாவு ஜாடியைப் பார்த்து இரண்டு திட்டுத் திட்டினேன்.

பிற்பாடு ஈஸ்ட் டப்பாக்கள் திரும்ப வந்தன. ரொட்டிக் கடைகள் பெருகின. ஜாடிக்கு மாவு போட யாருக்கும் பொறுமையில்லை. முதலில் செத்தது என் மாவு. அதற்குப் பிறகும் இசபெல் சில வருஷம் வீடு வீடாகப் போய்க்கொண்டுதான் இருந்தாள், பிடிவாதக்காரி. ஒரு மழைக்காலத்தில் அவளும் பூஞ்சணம் பூத்துப்போனாள் என்றார்கள். போறணையை இடித்துச் சரக்குக் கிட்டங்கி கட்டினார்கள். இப்போது கப்பல் கரைக்கே வந்துவிடுகிறது. தோணியில் போய் மூட்டை எண்ண ஆள் வேண்டாம். லூர்து மைனி போய்ச் சேர்ந்தாள். என்னைத் தவிர, அந்தத் தெருவில் ஜாடி சுமந்த ஒரு கைகூட இன்று இல்லை.

அவரும் போய்விட்டார். குடும்பக் கல்லறை ஒன்றுதான் என்பதால் இசபெல் கிடந்த குழியிலேயே அவரையும் வைத்தார்கள். போன கல்லறைத் திருநாளுக்கு முன்னால் கல்லில் அவர் பெயரை வெட்ட ஆள் கூட்டிப் போனேன். அந்தப் பையன் கல்லைத் தடவிப் பார்த்தான்.

"மேல ஒரு பேரு இருந்திருக்கு போலுக்கே. உப்புக் காத்துல அழிஞ்சிருக்கு. அதையும் வெட்டிரவா? என்னம்மா பேரு?"

கேட்டுச் சொல்ல வேறு ஆளில்லை. உலகத்தில் அந்தப் பெயர் தெரிந்தவள் இனி நான் ஒருத்திதான். பேசாமல் இருந்திருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். வயிறு எரிய எரிய, எழுத்து எழுத்தாக நானே சொன்னேன். அவன் வெட்டி முடிக்கும்வரை வெயிலில் நின்றேன். கடைசியில் பார்த்தால், அவர் பெயரைவிட அவள் பெயர் பெரிதாக விழுந்துவிட்டது. கீழே எனக்கும் இடம் விட்டிருக்கிறான். பொடி எழுத்தில்தான் கொள்ளும்.