தொண்ணூற்றொன்பது பேர் பார்க்கிறார்கள்

இது நடந்ததா என்று சந்தேகப்படுகிறவர்கள் என் வீட்டுக்கு வரலாம். பின்னறையில் அந்த நாற்காலி இன்னும் கிடக்கிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு வாருங்கள். இதுவரை மூன்று தடவை கழுவியாகிவிட்டது.

நடந்தது என் தங்கைக்கு. வீட்டில் அவளை 'வாலு' என்றுதான் கூப்பிடுவோம். வீடியோ கேம் ஆடுவதை நேரலையில் காட்டிப் பிழைக்கப் போகிறேன் என்று, பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்து நின்றாள். அப்பா வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். கடைசியில் ஒரு கெடு வைத்தார்.

"மூணு மாசம். ஒரே நேரத்துல நூறு பேர் உன்னைப் பார்க்கணும். இல்லேன்னா வாயை மூடிக்கிட்டு சித்தப்பா ஆபீஸ்ல போய் உட்காரு."

அங்கே உட்கார்ந்து ரசீது அடிப்பதற்குச் செத்தே போகலாம் என்பது வாலுவின் கட்சி.

பெரிய ஆட்கள் எல்லாம் ராத்திரியில் ஆடுவார்கள். அந்த நேரத்தில் புதியவளை யார் சீந்துவார்கள்? அதனால் தினமும் மதியம் இரண்டு மணிக்குக் கேமராவைப் போடுவாள். குப்பை மண்டிய வீடுகளைச் சுத்தம் செய்கிற விளையாட்டு. எதிரே ஈ காக்கை இல்லாவிட்டாலும் ஆயிரம் பேர் இருப்பதுபோலப் பேச வேண்டும். பேச்சு நின்றால் வந்தவன் ஓடிவிடுவான். இந்தத் தொழிலில் முதல் பாடமே அதுதானாம். தொண்டை வற்றப் பேசுவாள். முடிக்கும்போது கெஞ்சுவாள்.

"போயிடாதீங்க... என்கூடவே இருங்க."

திரை மூலையில், பார்க்கிறவர்கள் எண்ணிக்கை 0. ஒரே ஒரு நாள் 1 ஆனது. துள்ளிக் குதித்துப் பார்த்தால், அது அவளுடைய பழைய போன்.

கெடுவுக்கு நான்கு நாள் இருக்கும்போது அவளுடைய ஹெட்செட் உடைந்தது. பழைய சாமான் கடையில் பாதி விலைக்கு ஒன்று வாங்கி வந்தாள். காதை மூடுகிற பஞ்சு மெத்தை பிசுபிசுவென்று இருந்தது. தலையில் எண்ணெய் வழிகிற எவனோ வைத்திருந்தது போல என்று முகத்தைச் சுளித்துத் துடைத்துவிட்டு மாட்டிக்கொண்டாள்.

மதியம் 2.17. எண்ணிக்கை 7.

யாரும் எதுவும் எழுதவில்லை. சும்மா பார்த்தார்கள். வாலுவுக்குத் தலைகால் புரியவில்லை. வேர்க்கிறதே என்று ஹெட்செட்டைக் கழற்றினாள். 0. மறுபடி மாட்டினாள்... 7.

புத்தியுள்ளவர்கள் அதை அப்போதே குப்பையில் எறிந்திருப்பார்கள். இவள் எறியவில்லை.

மறுநாள் 23. அதற்கடுத்த நாள் 41. ஆட்கள் ஏற ஏற மெத்தையில் ஈரமும் ஏறியது. எவ்வளவு துடைத்தாலும் பழுப்பாக ஏதோ கசிந்தது. கழுத்துவரை வழிந்தது. அலமாரிக்குப் பின்னால் எலி செத்துக் கிடந்தால் ஒரு நாற்றம் வருமே, அது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

"என்னடி இந்த நாத்தம்?"

"சாக்கடை அடைச்சிருக்கும்ணா."

என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். கழற்றும்போது ஹெட்செட் முடியோடு ஒட்டிக்கொண்டு வந்ததாம். வாந்தி எடுப்பாளாம். வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரிப்பாளாம். பிறகு இதைக் கேட்டபோது எனக்கு அவள்மேலேயே அருவருப்பாக இருந்தது. அவளுக்கும் அப்படித்தான் இருந்ததாம்.

கடைசி நாள். வீட்டில் அவள் மட்டும். 3.40. எண்ணிக்கை 99.

இன்னும் ஒன்று... ஒரே ஒன்று.

அப்போது காதுக்குள் சத்தம். சப்... சப்... சப்... சேற்றில் விரல் விட்டுக் கிளறுவது போல.

கழற்றப் போனாள். கை எழவில்லை.

நாக்கும் எழவில்லை.

பார்க்கிறவர்கள் எழுதுகிற சாட்டில் முதல் தடவையாக எழுத்துகள் ஓடின. தொண்ணூற்றொன்பது வரி. எல்லாம் ஒரே வரி.

போக மாட்டோம்... கூடவே இருப்போம்.

நான் ஆபீஸில் இருந்தேன். இன்றோடு கெடு முடிகிறதே, நம்மால் ஒரு தலையாவது கூடட்டும் என்று 4.09க்குப் புதிதாக ஒரு கணக்குத் தொடங்கி உள்ளே போனேன். எண்ணிக்கை 100 ஆனது.

வாலு நாற்காலியில் சாய்ந்து கிடந்தாள். வாய் திறந்திருந்தது. கண்ணும் திறந்திருந்தது... இமைக்கவில்லை. உதட்டில் ஒரு ஈ நடந்தது. என் திரையில் சாட் காலியாக இருந்தது. அத்தனை பேரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

எங்கள் வீட்டு மாற்றுச் சாவி பக்கத்து வீட்டு டீச்சரிடம் இருக்கும். போன் போட்டுக் கத்தினேன்.

"அக்கா, ஓடுங்க! அவளைப் பாருங்க!"

அவர்தான் ஹெட்செட்டைப் பிய்த்து எடுத்தார். கொத்தாக முடியோடு வந்தது. வாலு 'ஹா' என்று மூச்சை இழுத்தாள்.

மறுநாள் கடைக்காரர் சட்டையைப் பிடித்தேன். அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

"என் மச்சானோடது தம்பி. அவனும் இப்படித்தான் ஆடிக் காட்டுவான். ஒரு ஆள் எட்டிப் பார்த்ததில்ல. ஆடிக்கிட்டு இருக்கும்போதே நெஞ்சு அடைச்சுப் போயிட்டான். ஹெட்செட் தலையில, கேமரா எதிர்ல. நாலு நாள் அப்படியே ஓடியிருக்கு..."

"யாரும் பார்க்கலையா?"

"செத்தப்புறம் பார்த்தாங்களே. பதிவு என்கிட்ட இருக்கு, நம்பரோட. முதல் நாள் ஏழு. அப்புறம் இருபத்திமூணு, நாப்பத்தொண்ணு. கடைசி நாள் தொண்ணூத்தொன்பது. அவன் உடம்பு அழுகறதை உட்கார்ந்து பார்த்திருக்காங்க. ஒருத்தரும் யார்கிட்டயும் சொல்லல."

வாலு சேனலை அழித்துவிட்டாள். சித்தப்பா ஆபீஸில் ரசீது அடிக்கிறாள். காதில் எதையும் மாட்டுவதில்லை.

நேற்று மதியம் 2.17. என் போன் அதிர்ந்தது. அன்றைக்கு அவசரத்தில் நான் தொடங்கிய அதே கணக்கு. அதில் ஒரு வீடியோகூடப் போட்டதில்லை. யாரிடமும் சொன்னதில்லை.

உங்களைப் பின்தொடர்பவர்கள்: 99.

போன் கையில் ஒட்டியது. துடைத்தேன்... மறுபடி பிசுபிசுக்கிறது.